அத்தை வீட்டு முதல் இலை

எங்களுக்குக் கல்யாணம் ஆனது தை மாதத்தில். விருந்துக்குப் புறப்பட்டது மாசியில். கல்யாணமான புதுசில் பெண்ணும் மாப்பிள்ளையும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்கள் எடுத்துக் கொடுக்கும் துணியை வாங்கிக்கொண்டு வரவேண்டும். எல்லோரும் இதைப் பஸ்ஸில் செய்வார்கள். நாங்கள் படகில் செய்தோம்.

என் வீட்டுக்காரருக்குத் தொழிலே படகுதான். கடற்கரையை ஒட்டி மெட்ராசிலிருந்து மரக்காணம் வரைக்கும் போகிற பெரிய கால்வாயில் விறகுப் படகு விடுகிறவர். மரக்காணத்துப் பக்கம் சவுக்குக் கட்டை ஏற்றினால் மெட்ராசில்தான் இறக்குவார். திரும்பித் தெற்கே போகும்போது படகு காலி. என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அந்தக் கால்வாய் போகும் வழியில்தான் இருந்தார்கள். காலிப் படகில் பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் என் மாமியாரிடம் கேட்டார். மாமியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வெயில் படாமல் மேலே ஓலை கட்டிக்கொள்ளச் சொன்னார்.

மகாபலிபுரத்தில் எங்கள் வீட்டில் ஒன்பது பேர், இரண்டு அறை. கல்யாணமாகி ஒரு மாதத்தில் நானும் அவரும் பகல் வெளிச்சத்தில் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. படகிலோ எங்களோடு மாயவன் ஒருவர் மட்டும்தான். ஐம்பது வயதுக்காரர், என் மாமனார் காலத்திலிருந்தே அந்தப் படகில் வேலை செய்கிறவர். காற்று இருந்தால் பாயை விரித்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். காற்று விழுந்துவிட்டால் மாயவன் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார். கயிறு நல்ல நீளம். அவருடைய முதுகு எங்களுக்குத் தெரியும், எங்கள் பேச்சு அவருக்குக் கேட்காது. காற்று விழும்போதெல்லாம் மாயவன் வாய்விட்டுத் திட்டினார். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

புறப்படும் நாள் காலையில் அப்பா திருக்கழுக்குன்றத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். படகுத் துறையில் நின்று அவரிடம் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார். முதல் இலை கடப்பாக்கத்தில், தன் அக்கா வீட்டில்தான். அதுவரைக்கும் வழியில் யார் கூப்பிட்டாலும் எந்த வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. தண்ணீர்கூடப் படகுப் பானையிலிருந்துதான் குடிக்க வேண்டும். மற்ற வீடுகளெல்லாம் திரும்பி வரும்போது.

"வழியில மொதல்ல வருதுன்னு சின்னவங்க வூட்ல உக்காந்துடாதீங்க மாப்ள. படகுக்கு வடக்கு தெக்கு கீது. மொறைக்கு மூத்தவங்க, எளையவங்கதான்."

அவர் தலையை ஆட்டினார். அப்பா என் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

சம்பூர்ணம் அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். அவளுக்கு ஒரே பிள்ளை, கண்ணாயிரம். நான் பிறந்த அன்றைக்கே இது என் வீட்டுக்கு வரப்போகிற பெண் என்று அத்தை சொல்லிவிட்டாளாம். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் நான் கடப்பாக்கத்தில்தான் இருப்பேன். அத்தை என் தலையில் எண்ணெயை ஊற்றி, கண் எரிய எரியத் தேய்த்துவிடுவாள். இறால் உரித்தால் பெரிதாக நாலைத் தனியே எடுத்து எனக்கென்று வறுத்து வைப்பாள். கண்ணாயிரம் எனக்குப் பேன் பார்ப்பான். ஒரு பேனுக்கு ஒரு குட்டு. அவன் நல்லவன். அவனிடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

போன வருஷம் அத்தை முறைப்படி வெற்றிலை பாக்கோடு பெண் கேட்டு வந்தாள். அப்பா என்னைத் தனியாக மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப்போய், உனக்குச் சம்மதமா என்று கேட்டார். எனக்குப் பேன் பார்த்தவனைக் கட்டிக்கொள்வதா என்று நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அப்பா வெளியே போய், இந்த இடம் சரிப்படாது அக்கா என்றார். என் பிள்ளைக்குக் கை இல்லையா, கால் இல்லையா என்று அத்தை கேட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு இஷ்டமில்லை என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பெண்ணைக் கேட்டேன், அவளுக்கு மனசில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தையின் கோபம் என் மேல் திரும்பியிருக்கும். அப்பா அதைச் சொல்லவில்லை. அன்றைக்குப் போன அத்தை என் கல்யாணத்துக்கும் வரவில்லை. பத்திரிகை கொடுக்கப் போன அப்பாவை உட்காரக்கூடச் சொல்லவில்லையாம்.

கல்யாணம் முடிந்து இருபது நாள் கழித்துக் கடப்பாக்கத்திலிருந்து ஓர் ஆள் அப்பாவிடம் வந்தார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு அனுப்பு என்பதுதான் செய்தி. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அப்பா அந்த ஆளுக்கு இரண்டு தடவை காபி கொடுத்தாராம். ஆள் போன பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாராம். அக்கா மறுபடியும் பேசப்போகிறாள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் இப்போது எங்களோடு படகில் வந்துகொண்டிருந்தது.

நடுப்பகலுக்குச் சதுரங்கப்பட்டினம் வந்துவிட்டோம். வடக்கே திரும்பிப் பார்த்தால் மகாபலிபுரத்துக் கலங்கரை விளக்கம் விரல் கனம் தெரிந்தது. அதற்கு இந்தப்பக்கம் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் பெரிய பெரிய இரும்புக் கைகள் வானத்தில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அங்கேதான் என் சித்தப்பா சிவப்பிரகாசத்துக்கு ஸ்டோரில் வேலை. அப்பாவுக்கு இளையவர். லீவு நாளிலும் சட்டையில் அங்கே கொடுத்த அடையாளப் பாஸைக் குத்திக்கொண்டு திரிவார். துறையில் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றவர் அதைக் குத்திக்கொண்டுதான் நின்றார்.

வீட்டுக்குக் கூப்பிடுவார் என்று நான் பயந்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. கையை உயர்த்தி எங்களைப் படகிலேயே நிற்கச் சொன்னார்.

"எறங்காதீங்க. வூட்டுக்கு வந்தா தப்பு, எனக்குத் தெரியாதா? மொத இலை அக்காவுக்குத்தான். ஆனா படகு வூடா இன்னா? வாசப்படி கீதா? கூரை கீதா?"

மாயவன் நிமிர்ந்து, மேலே கட்டியிருந்த ஓலையைப் பார்த்தார். சித்தப்பா அதைக் கவனிக்கவில்லை. அவர் பின்னால் சித்தி தலையில் ஒரு குண்டானும் இடுப்பில் ஒரு தூக்குமாக வந்துகொண்டிருந்தாள். இலைக்கட்டு கையிடுக்கில் இருந்தது. துணி கொடுத்தால்தான் விருந்து, துணியைத் திரும்பி வரும்போது தருகிறேன், இது சும்மா பசிக்குச் சோறு என்று சித்தப்பா விளக்கினார். ஒரு வாரமாக இதை யோசித்து வைத்திருந்தார் என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சித்தியின் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருக்கிறாள். குண்டானைத் திறந்ததும் நாட்டுக்கோழிக் குழம்பின் வாசனை படகு முழுக்கப் பரவியது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்வதைக் கேட்கத்தான் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கோழிக் குழம்பு, வடை, அப்பளம், பாயசம். படகு ஆடியபோது அவருடைய இலையிலிருந்து ரசம் என் இலைக்கு வந்தது. சித்தப்பா கரையில் நின்றுகொண்டு, கூச்சப்படாதீங்க மாப்ள, கூச்சப்படாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கூச்சப்படவில்லை. மூன்று தடவை சோறு வாங்கினார். சித்தி என் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள். அவ்வளவு நன்றாக யாரும் எங்களை உட்கார வைத்துப் பரிமாறியதில்லை. ஆனாலும் கடைசிக் கவளத்தை இலையிலேயே வைத்து மடித்துவிட்டேன்.

படகு நகர்ந்த பிறகு மாயவன் கழியை ஊன்றிக்கொண்டே, "காசி, உன் மாமனாரு மூணு வாட்டி சொன்னாரு" என்றார்.

"வூட்ல துன்னலியே. படகுலதான துன்னோம்."

மாயவன் மேலே கட்டியிருந்த ஓலையை இன்னொரு தடவை பார்த்தார்.

அன்று சாயங்காலம் பாலாற்றுக்கு இந்தக் கரையில் படகைக் கட்டினோம். கால்வாய் அங்கே ஆற்றில் போய் விழுந்து, எதிர்க்கரையில் மறுபடியும் தொடங்குகிறது. கடல் ஏறி ஆற்றில் தண்ணீர் நிறைந்தால்தான் படகு குறுக்கே போகும். மறுநாள் காலையில் தண்ணீர் ஏறப் பத்து மணி ஆகும் என்று மாயவன் சொல்லிவிட்டு, அடுப்பு மூட்டிக் கருவாடு சுட உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் மணலில் நடந்து முகத்துவாரம் பார்க்கப் போனோம்.

ஆறும் கடலும் சேருகிற இடத்தில் மணல் நாக்கு மாதிரி நீண்டிருந்தது. கால் வைத்தால் நண்டுகள் நாலு பக்கமும் ஓடின. நான் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அலையில் நின்றேன். அவர் பத்தடி தள்ளி, காய்ந்த மணலிலேயே நின்றார். வாங்களேன் என்றேன். வரமாட்டேன் என்றார். பன்னிரண்டு வயதிலிருந்து படகில் இருக்கிறவர் கடலில் முழங்கால் நனைய இறங்கியதே இல்லையாம்.

"கால்வாயில நாலடி தண்ணி. வுழுந்தா எழுந்து நிக்கலாம். இதுல வுழுந்தா எங்க நிக்கிறது?"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணலில் உட்கார்ந்தோம். சவுக்குத் தோப்பிலிருந்து காற்று வந்தது. அங்கே வைத்துத்தான் மாட்டுக் கொட்டகையில் நடந்ததை அவரிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டது உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, என்னைப் பற்றி உங்கப்பா கேட்டப்ப நீ என்ன பண்ணே என்றார்.

"தலைய ஆட்டல."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு கிளிஞ்சலை எடுத்து என் கையில் வைத்து மூடினார். கடலைப் பார்த்துக்கொண்டே, "உங்கப்பா பாவம்" என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது அன்று இரவு முழுவதும் காதிலேயே இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஆறு நிறைந்தது. கடந்து போனோம். அதற்கப்புறம் நல்ல வாடைக்காற்று. பாய் ஒரு பக்கமாக உப்பிக்கொண்டு நிற்க, படகு தானாகப் போயிற்று. கூவத்தூரில் இறங்கி வெற்றிலையும் மண்ணெண்ணெயும் வாங்கினோம். தூரத்துச் சொந்தம் ஒரு அக்கா கடைத்தெருவில் பார்த்துவிட்டு, மோராவது குடித்துவிட்டுப் போ என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வந்தேன். முந்தின நாள் இந்தச் சொல் எங்கே போயிருந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதற்குத் தெற்கே கால்வாய் அகலமாகி ஏரி மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரில் சிவப்புக் கால் பறவைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. படகு பக்கத்தில் போனபிறகுதான் பறந்தன. அவர் எனக்குச் சுக்கானைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். இடது பக்கம் போகவேண்டுமானால் வலது பக்கம் தள்ளவேண்டும். இரண்டு தடவை சேற்றில் ஏற்றினேன். மாயவன் இரண்டு தடவையும் இறங்கித் தள்ளிவிட்டு, உன் பொண்டாட்டிக்கு லைசென்ஸ் வாங்கிக் குடு என்றார்.

திங்கட்கிழமை காலை கடப்பாக்கம். துறையில் கண்ணாயிரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணாத்த, வராதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க எங்கம்மா" என்றான்.

சித்தப்பாவோடு ஸ்டோரில் வேலை செய்கிற ஓர் ஆள் கடப்பாக்கத்துக்காரர். சனிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் ஊருக்கு வந்தவர், சிவப்பிரகாசம் எப்படிச் சாமர்த்தியமாகப் படகுக்கே இலை கொண்டுபோய்ப் போட்டான் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது அத்தை காதுக்குப் போய்விட்டது. விருந்துக்கென்று கூடையில் கவிழ்த்து வைத்திருந்த சேவலை அவள் அவிழ்த்து விட்டுவிட்டாளாம். எடுத்து வைத்திருந்த புடவையையும் வேட்டியையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். சாப்பிட்டாச்சில்ல, அப்படியே மரக்காணம் போகச் சொல்லு என்றாளாம்.

நான் இறங்காமல் படகிலேயே நின்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவங்க, நேர்ல போயி சொன்னா கேப்பாங்க என்றார். போகாமல் திரும்பினால் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை. நாலு பேருமாக நடந்தோம்.

அத்தை வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஒரு வருஷத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். வா என்று சொல்லவில்லை. உரித்த வேர்க்கடலைத் தோலை மட்டும் கொஞ்சம் வேகமாகப் போட்டாள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு, சித்தப்பா சொன்னதை அப்படியே சொன்னார். வீட்டுப் படி ஏறவில்லை, துணி வாங்கவில்லை, படகில்தான் சாப்பிட்டோம், படகு வீடாகாது.

அத்தை முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "மாசத்துல எத்தினி நாளு படகுல இருப்பீங்க மாப்ள?"

"இருவது, இருவத்தஞ்சி நாளு."

"சோறாக்கறது?"

"அங்கியேதான்."

"படுக்கறது?"

"அங்கதான் அத்த. எனக்கு அதான வூடே" என்றார் அவர். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாயவன் பெருமூச்சு விட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப வூட்டுலதான் துன்னுட்டு வந்துகீறீங்க."

அவருக்குத் தான் சொன்னது அப்போதுதான் புரிந்தது. கட்டியிருந்த கையை எடுத்துத் தலையைச் சொறிந்தார். அத்தை அவரை விட்டுவிட்டாள். கோபம் அவர் மேல் இல்லை.

"புள்ளைய ஒண்ணும் சொல்றதுக்கில்ல. இது என் தம்பி தேசப்பன் வேல. பொண்ணக் குடுக்கமாட்டேன்னு சொன்னான். இப்ப எளையவன் எலையில துன்னுட்டு அவ வூட்டுக்குப் போங்கன்னு சொல்லி அனுப்பிகீறான். என்னை எத்தினி வாட்டி மட்டந்தட்டணும் அவனுக்கு?"

படகுத் துறையில் மூன்று தடவை சொன்ன அப்பா என் கண்முன்னால் நின்றார். போன வருஷம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பாவும் நின்றார். நான் அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். இன்றைக்குக் கதவு இல்லை.

"எங்கப்பா இல்ல அத்த" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "எங்கப்பா மூணு வாட்டி சொன்னாரு, மொத இலை உங்க வூட்லதான்னு. நாந்தான் வேணாம்னு சொல்லாம உக்காந்து துன்னேன். போன வருசமும் அவர் இல்ல. என்னைத்தான் கேட்டாரு. நாந்தான் மாட்டேன்னேன்."

அத்தையின் கையில் ஒரு மல்லாட்டை உரிபடாமல் நின்றது.

"நீயா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அது போதாது என்று தோன்றியது. "நாந்தான்" என்றேன்.

அத்தை என்னை, பிறந்ததிலிருந்து பார்க்காத ஒருத்தியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். பிறகு கண்ணாயிரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை மனசு உடைந்துபோய்விடும் என்று பயந்தாளோ என்னவோ. அவன் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அப்பவே தெரியும்மா" என்றான். "எனக்கும் அப்படித்தான் இருந்திச்சி. அது தலையில எத்தினி பேன் எடுத்துகீறேன்."

"தெரிஞ்சி ஏண்டா சொல்லல?"

"என்னை யாரு கேட்டா?"

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. தோள் குலுங்கியது சிரிப்பில். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது, ஆனால் வேறு மாதிரிக் கோபம்.

"இவளுக்கு வேணாமாம். இவனுக்கும் வேணாமாம். நான் ஒருத்தி ஒரு வருசமா சோறு துன்னாம என் தம்பியத் திட்டிகினு கெடந்தேன். அவனும் வாங்கிகினு நின்னான் பாரு, வாயில கொழுக்கட்டைய வச்சிகினு." எழுந்து நின்றாள். என்னிடம் வந்து, என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வலித்தது. அடித்த கையை அவள் எடுக்கவில்லை. "வாயே தொறக்காத கழுத. தொறந்ததும் இன்னா சொல்லுது பாரு."

பிறகு அவரைப் பார்த்து, "மாப்ள, சேவல அவுத்து வுட்டுட்டேன். புடிக்கத் தெரியுமா?" என்றாள்.

சேவல் பின்பக்கம் வைக்கோல்போரின் மேல் இருந்தது. ஒரு நாள் விடுதலையில் அதற்கு நன்றாகத் தெம்பு வந்திருந்தது. அவரும் கண்ணாயிரமும் இரண்டு பக்கத்திலிருந்து போனார்கள். அது கிணற்றைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கத்தரித் தோட்டத்துக்குள் போயிற்று. மாயவன் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்று, அது காலுக்கு இடையில் போன பிறகு கையை மூடினார். அத்தை பின்வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினாள். கடைசியில் அவர்தான் தன் புதுத் துண்டை வீசிப் பிடித்தார். துண்டு கிழிந்துபோயிற்று.

முதல் இலை போடும்போது மணி நாலு. அத்தை எதிரில் உட்கார்ந்துகொண்டு, நான் இலையை மடக்கப் போகும்போதெல்லாம் மடக்காதே என்றாள். பெட்டியைத் திறந்து வேட்டியை அவரிடம் கொடுத்து, புடவையை என் மடியில் போட்டாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது கண்ணாயிரத்தைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு மொத பஸ்ல திருக்கழுக்குன்றம் போ. உன் மாமன இட்டுகினு வா. எதுக்குன்னு கேட்டா, அக்கா கூப்புட்டுதுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

மரக்காணத்தில் விறகு காத்துக்கொண்டிருக்கும் என்று மாயவன் மெதுவாக ஞாபகப்படுத்தினார். விறகு எங்கியும் ஓடிப் போகாது என்றார் அவர்.

மறுநாள் பகலெல்லாம் நானும் அவரும் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் சுற்றிவிட்டு வந்தோம். உடைந்த சுவரின் நிழலில் உட்கார்ந்து அத்தை கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். எதிரில் உப்பங்கழியும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. அவர் கழியில் மட்டும் கால் நனைத்துக்கொண்டார்.

சாயங்கால பஸ் வருகிற நேரத்துக்கு அத்தை தானே ரோட்டுக்குப் போய் நின்றுவிட்டாள். நாங்களும் பின்னால் போய் நின்றோம். பஸ் புழுதியோடு வந்து நின்றது. முதலில் கண்ணாயிரம் குதித்தான். அவன் பின்னால் அப்பா படியில் நின்றார். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அத்தையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், என்ன நடந்தது என்று யாரும் சொல்லாததால் ஒரு காலை மட்டும் கீழே வைத்தார்.

இன்னொரு கால் தரையில் படுவதற்குள் அத்தை திட்ட ஆரம்பித்திருந்தாள். பொய் சொல்றியா, என்கிட்டயே பொய் சொல்றியா, பொண்ணு மாட்டேன்னு சொன்னா மாட்டேன்னு சொல்லிச்சின்னு சொல்றதுக்கு உனக்கு இன்னாடா கேடு என்று பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கும்படி திட்டினாள். டிரைவர்கூட வண்டியை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். போன வருஷம் நின்ற மாதிரியேதான் நின்றார். ஆனால் நான் பக்கத்தில் போய் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டபோது பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.